கறுப்புத் துணி சுற்றின தூண்கள்

என் மனைவிக்குக் கால்கள் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கின்றன. வேலை செய்வதில்லை. முதுகில் ஒரு கட்டி வந்தது. வெட்டினார்கள். கட்டியும் போனது, நடையும் போனது. அதோடு மூத்திரத்துக்கு ஒரு பை. பையைச் சக்கரக் கதிரையின் பக்கத்தில் கொழுவி, அதற்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொள்வாள். அதை ஒருவரும் பார்க்கக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பகிடி விடுவாள். அதைப் பற்றி விடமாட்டாள்.

எங்கள் வீடு துறைமுகப் பக்கம், கடற்கரை ஒழுங்கை என்ற ஒடுங்கின தெருவில். மாரியில் கடல் ஒழுங்கைக்குள் வரும். முந்தி எப்போதாவது வந்தது. இப்போது வராத மாரி இல்லை. புயல் காற்று என்று ரேடியோவில் சொன்னால் வீட்டை விட்டுப் போக வேண்டும். போவதற்கு இரண்டு இடங்கள். ஒன்று, ஒழுங்கை முனையில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மண்டபம். மற்றது, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்.

மண்டபத்துக்கு உயரமான தளம், கொங்கிறீட் கூரை. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் உள்ளே வராது. சவப்பெட்டி வண்டி ஏற்றுவதற்காக முன்பக்கம் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் அவளுடைய கதிரையை நான் தனியாகவே தள்ளி ஏற்றிவிடுவேன்.

"சாகாமல் இதால ஏறுற ஆள் நான் ஒருத்திதான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

பள்ளிக்கூடத்துக்குப் படி. செங்குத்தான படி. கதிரை ஏறாது.

போன மாரியில் மண்டபம் பூட்டிக் கிடந்தது. தூண்களிலிருந்து பூச்சு கழன்று விழுந்துகொண்டிருந்தது. அதனால் அவளைப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் இருத்தி, நான்கு பேர் பிடித்துப் பள்ளிக்கூடப் படியால் ஏற்றினோம். பாதிப் படியில் பையின் குழாய் கழன்றது. பின்னால் பிடித்தவர் கட்டியிருந்த சாரத்தில் ஊற்றியது. அவர் நல்ல மனிதர், பிடியை விடவில்லை. மேலே நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ. இனி என்னை ஆரும் தூக்கக் கூடாது. மண்டபம் திறந்திருந்தா வாறன். இல்லாட்டி இந்தக் கட்டில்லயே கிடக்கிறன். கடல் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும்."

அவள் ஒன்றைச் சொன்னால் அதை மாற்றுவதில்லை. எனக்கு அது தெரியும். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நான் மேசன். அதிகம் படிக்கவில்லை. ஆனால் உப்புக் காற்று கம்பிக்கு என்ன செய்யும் என்பது கடற்கரையில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். உப்பு கொங்கிறீட்டுக்குள் போகும். உள்ளே கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்தால் கம்பி ஊதும். ஊதினால் வெளியே வெடிக்கும். வெடித்த இடத்தைப் பூசினால், மறுபடி வெடிக்கும். அந்த மண்டபத்துத் தூண்களை நானே எத்தனையோ முறை பூசியிருக்கிறேன். இப்போது தண்ணீர் அடிக்கடி வந்து தூணின் அடியில் நிற்கிறது. பூச்சு ஒரு வருசம்கூடத் தாங்குவதில்லை.

இந்த வருசம் ஒரு திட்டத்தில் மண்டபத்தைத் திருத்த வந்தார்கள். இஞ்சினியர் ஒரு பெண். முப்பது வயது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துப் பக்கம். எங்களுக்கு அவர் மிஸ். முதல் நாள் ஒரு சுருளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். கறுப்பாக, மினுமினுப்பாக, பாய் மாதிரிப் பின்னிய துணி.

"இதைத்தான் தூணில சுத்தப் போறம்" என்றார்.

"துணியோ மிஸ்?"

"ஓம் ஐயா. கார்பன் நார். பசையில ஊற வச்சுச் சுத்தினா இறுகிப் போகும். இழுத்தா இரும்பை விடத் தாங்கும். கறள் பிடிக்காது. உப்புத் தண்ணியில நிண்டாலும் ஒண்டும் செய்யாது."

நான் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். பாரமே இல்லை. உடுக்கிற சாரத்தை விட மெல்லிசு. நான் நம்பவில்லை. என் பக்கத்தில் நின்றவர் அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அவர் கிண்ணியாக்காரர். ஃபைபர் போட் திருத்துகிறவர். பசை கலக்குவதற்காக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அவரை நானா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"நம்புங்க அண்ணே. நாங்க கடல்ல போறதே துணியிலயும் பசையிலயும்தானே. இது அதிட பெரிய வாப்பா" என்றார்.

"கடல்ல போற போட் உடையுறதும் நாங்கள் பாக்கிறம்தானே நானா."

"உடைஞ்சா எங்களிட்டதானே வருது. அல்லாஹ் அந்தப் பிழைப்பையும் தந்திருக்கான்."

மாரிக்கு முன் முடிக்க வேண்டும் என்று மிஸ் சொன்னார். முடியுமா என்று கேட்டேன். முடிக்க வேண்டும் என்று திரும்பவும் சொன்னார். அது பதில் இல்லை. ஆனாலும் அன்றே வேலைக்கு நின்றுவிட்டேன். எதற்காக நின்றேன் என்று மிஸ்ஸுக்குச் சொல்லவில்லை. நானாவுக்குச் சொன்னேன்.

துணி சுற்றுவது கடைசி வேலை. முதல் வேலை உடைப்பது. கூரைக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டு, தூணில் செத்த கொங்கிறீட்டை எல்லாம் உளியால் எடுத்தோம். உள்ளே கம்பி சில இடங்களில் ஈர்க்கு மாதிரி மெலிந்திருந்தது. கறளைச் சுரண்டி, மருந்து பூசி, புதுக் கலவை வைத்தோம். பிறகு தூணின் நான்கு மூலைகளையும் கிரைண்டரால் உருட்டினோம். மூலை கூராக இருந்தால் துணி அந்த இடத்தில் வெட்டுப்படுமாம். நான் வாழ்நாள் முழுக்க மூலையைக் கூராக எடுக்கப் பழகினவன். அதை உருட்டச் சொன்னது எனக்குக் கையில் வரவில்லை. இரண்டு தூணில் பிழை விட்ட பிறகுதான் பழகியது.

பசை இன்னொரு ஆக்கினை. இரண்டு வாளி. ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். கலந்தவுடன் நேரம் ஓடத் தொடங்கும். வெயில் ஏறினால் கலந்த வாளி கையிலேயே சுடும். ஒருநாள் நானா கதைத்துக்கொண்டு நின்றதில் வாளிக்குள் புகை வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் கல்லாகிப்போனது.

"முந்தி பத்து மணி வரைக்கும் கலக்கலாம் அண்ணே. இப்ப எட்டு மணிக்கே அடுப்பு மாதிரிக் கிடக்கு" என்றார்.

அதனால் விடியும்போதே தொடங்குவோம். அதுவும் எல்லா நாளும் ஏலாது. தூணில் பனி ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. ஈரம் காயவும் வேண்டும், வெயில் ஏறவும் கூடாது. இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் நானா பசை தர, நான் துணியைச் சுற்ற, இன்னும் இரண்டு பேர் ரோலரால் காற்றை அழுத்தி வெளியே தள்ளுவார்கள். உள்ளே காற்று நின்றால் அந்த இடம் ஒட்டாது. துணியின் தூள் கழுத்திலும் கையிலும் குத்தும். குளித்தாலும் போகாது.

வீட்டுக்குப் போனால் மனைவி கேட்கிற முதல் கேள்வி:

"எத்தினை முடிஞ்சுது?"

"மூண்டு."

"நேத்தும் மூண்டு எண்டுதானே சொன்னியள்?"

"நேத்து ஈரம்."

"உங்களுக்கு எப்பவும் ஒரு ஈரம், ஒரு வெயில். கலியாணத்துக்கும் மழை எண்டு பிந்தி வந்த ஆள்தானே."

நான் ஒரு இடத்தில் இருந்து சாப்பிட மாட்டேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடப்பேன். கடல் பக்கம் போய்ப் பார்ப்பேன். கப்பல்கள் நிற்கும். அதற்கப்பால் வானம். ஒன்றும் இருக்காது. திரும்பி வருவேன். திரும்பவும் போவேன்.

"கதிரையில இருங்கோவன். உங்களைப் பாத்து எனக்குத் தலை சுத்துது. கால் உள்ள ஆக்களுக்கு இதுதான் கரைச்சல்" என்பாள்.

ரேடியோவில் காலநிலை சொல்லும்போது மட்டும் இரண்டு பேரும் கதைக்க மாட்டோம்.

மண்டபத்தில் ஒரு தூணை நாங்கள் கடைசிக்கு விட்டிருந்தோம். நடு வாசலுக்குப் பக்கத்துத் தூண். அதில் ஒரு மாடம் வைத்து அந்தோனியாரின் மரச் சுருவம் நின்றது. சுருவத்துக்கு முன் எண்ணெய் விளக்கு. சனம் வந்து விளக்கில் விரல் தோய்த்து, தூணில் ஒரு சிலுவை போட்டு, பிறகு தங்கள் நெற்றியில் போடும். சுகமில்லாதவர்களுக்காக வருகிறவர்கள் முழுக் கையையும் எண்ணெயில் நனைத்துத் தூணில் வைப்பார்கள். கடலுக்குப் போனவர்களுக்காகவும் வைப்பார்கள். கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வருகிறவர்கள்கூடச் சில பேர் கை வைத்து நான் கண்டிருக்கிறேன். நானாவிடம் கேட்டேன். "எங்கட ஆக்கள் வைக்க மாட்டாங்க அண்ணே. வச்சா என்னட்டச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அந்தத் தூணில் எண்ணெய் ஊறியிருக்கும் என்று மிஸ் முதலிலேயே கண்டுவிட்டார். மற்றத் தூண்களை விட ஆழமாக வெட்டச் சொன்னார். வெட்டி, கழுவி, காயவிட்டு, தண்ணீரைத் துளித் துளியாகத் தெளித்துப் பார்த்தார். எண்ணெய் இருந்தால் தண்ணீர் உருண்டு நிற்கும். நிற்கவில்லை. தூண் குடித்துவிட்டது. புதுக் கலவை வைத்தோம். அதுவும் காய்ந்தது. உருட்டி முடித்தோம். சுருவத்தைப் பங்குக் குரு, எங்களுக்குச் சுவாமி, முதலே தன்னுடைய அறைக்குக் கொண்டுபோயிருந்தார்; விளக்கு மட்டும் வாசலோரம் எரிந்தது. பின்னேரம் தூணைச் சுற்றிப் பொலித்தீன் கட்டினோம். விடியத் துணி.

அடுத்த நாள் முதலில் கடற்பக்கத் தூணில் ஒரு சின்ன வேலை இருந்தது. நாங்கள் எல்லாரும் அங்கே நின்றோம். பூசை முடிந்து சனம் போனது. பெண்கள் கொஞ்சப் பேர் மண்டபத்தின் முன்பக்கத்தால் போனார்கள். எந்த நாளும் அந்த வழியால்தான் போவார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வந்து, வெயில் ஏறுமுன் முடிக்கிற அவசரத்தில் தூணை உற்றுப் பார்க்காமல் பொலித்தீனை அவிழ்த்து, நானா பசை கலக்க, சுற்றினோம். நல்ல சுற்று. ஒரு மடிப்பு இல்லை. நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டேன்.

அன்று பின்னேரம் ரேடியோவில் சொன்னார்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். வலுத்துப் புயலாகலாம்.

வீட்டில் மனைவி கேட்டாள். "எத்தினை?"

"எல்லாம்."

அவள் நெஞ்சில் சிலுவை போட்டாள். கொண்டுபோக வேண்டிய சாமான்களை ஒரு உரப்பையில் எடுத்து வைக்கச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அன்றைக்குக் கதிரையில் இருந்து சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மிஸ் ஒரு நாணயக் குற்றியால் தூண்களைத் தட்டிக்கொண்டு வந்தார். எல்லாத் தூணையும் அப்படித்தான் தட்டுவார். ஒட்டியிருந்தால் டக் டக் என்று கட்டையாகக் கேட்கும். வாசல் தூணுக்கு வந்தார். தட்டினார். நின்றார். திரும்பத் தட்டினார். பப்பாசிப் பழத்தில் தட்டின மாதிரிக் கேட்டது. கொஞ்சம் தள்ளித் தட்டினார். அங்கேயும் அப்படி. நாங்கள் எல்லாரும் கிட்டப் போனோம்.

"வெட்டுங்கோ" என்றார்.

வெட்டினோம். இறுகின துணி தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒட்டின இடத்தில் கொங்கிறீட்டையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒட்டாத இடத்தில் சும்மா வந்தது. சும்மா வந்த இடங்களில் எண்ணெய் மினுங்கியது. கைகள். ஐந்து விரலும் உள்ளங்கையும் தெரிகிற கைகள். தோள் உயரத்தில் நிறைய, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பக்கத்தில் சின்னச் சிலுவைகள். கீழே, இடுப்பளவில், ஒரேயொரு கை. உயரத்தைப் பார்த்து, யாரோ பிள்ளை வைத்தது என்று நினைத்தேன்.

"ஆர் இது செய்தது?" மிஸ் கேட்டார். சத்தம் போடவில்லை. முகம் வெளிறியிருந்தது.

சுவாமி வந்தார். வெள்ளை அங்கியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, அவையளைக் குறை சொல்லாதேங்கோ. இண்டையோட அந்தத் தூண் மூடுப்படப் போகுது எண்டு பூசையில நான்தான் சொன்னனான். பொலித்தீனையும் தொடாதேங்கோ எண்டு சேர்த்துச் சொல்லேல்ல."

"கடைசியா ஒருக்காத் தொட்டிருக்காங்க" என்றார் நானா.

மிஸ் படிக்கட்டில் இருந்துவிட்டார். தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு எழும்பி, செய்ய வேண்டியதைச் சொன்னார். திரும்ப வெட்ட வேண்டும். உரிந்த இடத்தைக் கட்ட வேண்டும். காயவிட வேண்டும். சுற்ற வேண்டும். சுற்றினால் முழுதாக இறுக ஒரு கிழமை. காற்று அதற்கு முன் வந்துவிடும்.

நான் கேட்டேன். "முட்டு நிக்குதுதானே மிஸ். முட்டோட திறக்க ஏலாதோ?"

"கூரை நிக்கும் ஐயா. அந்த நம்பிக்கை எனக்கு இருக்கு. ஆனா சனத்தை உள்ள விடச் சொல்லி நான் கையெழுத்து வைக்க மாட்டன். வாசல் தூண். அதுக்குக் கீழதான் எல்லாரும் போய் வரோணும்."

"மிஸ், என்ட மனிசிக்கு நடக்க ஏலாது. இந்தச் சரிவால மட்டும்தான் அவ வருவா. வேற இடத்துக்கு வரமாட்டா."

வேலையிடத்தில் நான் என் வீட்டுக் கதை கதைப்பதில்லை. அன்று கதைத்தேன். மிஸ் என்னைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார்.

"அப்பிடியெண்டா இன்னும்தான் விடமாட்டன் ஐயா. தூண் விழுந்தா ஓடக்கூடியவையாவது ஓடித் தப்புவினம்."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. வெளியே போய் வேலி வரை நடந்தேன். திரும்பினேன். நானா பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, எப்ப ஏத்தோணும்? நான் வாறன்."

"உங்கட வீட்டைப் பாக்க வேணாமோ? கிண்ணியாவிலயும் காத்துத்தானே."

"பாலத்தால போக எவ்வளவு நேரம்? நான் வந்து தூக்கிட்டுப் போறன். போட் தூக்கிற கை இது. அக்கா என்ன, ஒரு போட்டை விடப் பாரமா?"

"அதை அவவுக்கு முன்னால சொல்லாதேங்கோ."

வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். உரப்பை கட்டி வாசலில் வைத்திருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். மண்டபம் திறக்கமாட்டார்கள். வாசல் தூண் ஒட்டவில்லை. யாரோ எண்ணெய் பூசிவிட்டார்கள். கை கையாக உரிந்து வந்தது.

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தாள். பிறகு கேட்டாள்.

"கீழ ஒரு கை இருந்ததோ?"

"ஓம். பிள்ளை ஒண்டு வச்சிருக்கு."

"பிள்ளை இல்ல. அது என்ட."

எனக்கு விளங்கவில்லை.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டச் சொல்லி விட்டனான். பூசைக்குப் போறதெண்டா எனக்காகவும் ஒரு கை வை எண்டு. நான் போனா கதிரையில இருந்து எந்த அளவுக்கு எட்டுமோ அந்த அளவில வை எண்டு. காத்துக்கு முதல் மண்டபம் முடிய வேணும் எண்டு நேந்து வைக்கச் சொன்னனான்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றது நாற்பது வயதுப் பெண். என் மனைவிக்குக் குளிக்க உதவி செய்கிறவள்.

நான் வாசலுக்குப் போனேன். வந்தேன். குசினிக்குப் போனேன். வந்தேன். திட்ட வேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"கோவிக்கிறதெண்டாக் கோவியுங்கோ. நடந்து திரியாதேங்கோ" என்றாள்.

"கோவிச்சு என்ன? உன்ட கை மட்டுமே? முழு ஊரின்ட கையும் கிடக்கு."

"என்டதும் கிடக்குத்தானே."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போறம்."

"நான் வரேல்ல எண்டு முந்தியே சொன்னனான்."

"சரி. நானும் இருக்கிறன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. நீங்கள் போங்கோ."

"போகன்."

"தண்ணி வந்தா என்ன செய்வியள்?"

"நீ என்ன செய்வியோ அதுதான்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். நான் இருந்ததைக் கண்டுதான் பயந்தாள் என்று நினைக்கிறேன். நான் எழும்பவில்லை. வெளியே காற்று இல்லை. இலை அசையவில்லை. அது நல்லதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் அவளே தொடங்கினாள்.

"ஆர் தூக்குவினம்?"

"நானும் நானாவும்."

"வேற ஒருத்தரும் என்னில கை வைக்கக் கூடாது."

"சரி."

"விடியப் போகவேணும். சனம் வர முதல்."

"சரி."

"பையை என்ட மடியில வச்சுக் கட்டுங்கோ. இறுக்கிக் கட்டுங்கோ. உங்கட துணி சுத்தின மாதிரி இல்லாமல்."

நான் எழும்பி நானாவுக்குப் போன் எடுத்தேன்.

விடியற்காலையில் நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஓட்டோ ஒன்றில் அவளை மேட்டடி வரை கொண்டுபோனோம். அப்போதே காற்று எழும்பிவிட்டது. மழை சாய்வாக அடித்தது. சனம் வர முதல் என்றாள். சனம் எங்களுக்கு முதலே வந்திருந்தது. எல்லாருக்கும் அதே பயம்தானே. படியின் மேலே, விறாந்தை முழுக்க ஆட்கள். படியிலும் ஆட்கள், பாய்களோடு, சட்டி பானைகளோடு.

அவள் மேலே பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் இறுகின. திரும்பிப் போவோம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன்.

"தூக்குங்கோ" என்றாள்.

தூக்கினோம். பிளாஸ்ரிக் கதிரையில் அவள், நானா முன்னால், நான் பின்னால். படி வழுக்கியது. நனைந்த கதிரையின் கால் என் கைக்குள் சுழன்றது. பாதிப் படியில், போன முறை குழாய் கழன்ற அதே இடத்துக்குக் கிட்ட, எனக்கு மூச்சு வாங்கியது. நின்றோம். மேலே எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"என்ன பாக்கிறியள்? படம் ஓடுதோ இஞ்ச? இந்த மனிசனுக்கு இளைக்குது. வந்து ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கோவன்!"

முதலில் இறங்கி வந்தது பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள். மழையில் நனைந்துகொண்டு வந்து பிடித்தார்கள். ஒருத்தி பையைப் பார்த்துவிட்டு, தன் சேலைத் தலைப்பால் மூடப் போனாள்.

"விடு. நீ படியைப் பார். விழுந்தியோ நான் உனக்கு மேலதான் விழுவன்" என்றாள் என் மனைவி.

நானா சிரித்துவிட்டார். "அக்கா, உண்மையாப் போட்டை விடப் பாரம்தான்."

"கேட்டனான். கிண்ணியாவுக்குப் போற பாலத்தில உமக்குக் காத்து அடிக்கும், பாரும்."

மேலே ஏற்றி ஒரு வகுப்பறைச் சுவரோடு இருத்தினோம். நானா ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு உடனே போனார். பிறகு போன் எடுத்தார், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று.

பகல் முழுக்கக் காற்று. யன்னல் பலகைகள் அடித்துக்கொண்டன. நான் யன்னலடியில் நின்றேன். அங்கிருந்து மண்டபம் தெரியாது, தென்னைகள்தான் தெரியும். தெரியாது என்று தெரிந்தும் நின்றேன். என் மனைவியைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் தடவினபடியாத்தானே..."

"நீ தடவினது சரி. நான் சொன்ன உயரத்தில வச்சிருக்கிறாய். அதை இவரே கண்டவர். இனி அழுது என்ன, தேத்தண்ணி இருந்தா ஊத்து."

பின்னேரம் போல காற்று அடங்கியது. அடுத்த நாள் காலை மழை நின்றதும் நான் கீழே இறங்கினேன். ஒழுங்கையில் இன்னும் தண்ணீர். மண்டபம் நின்றது. கூரை நின்றது. துணி சுற்றின தூண்கள் நனைந்து கறுப்பாகப் பளபளத்தன. வாசல் தூணடியில் மிஸ் எனக்கு முதலே வந்து நின்றார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, முட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் அசையேல்ல ஐயா. தூண் காய்ஞ்ச உடன திரும்பத் தொடங்குவம். மனிசி எங்க?"

"பள்ளிக்கூடத்தில."

"வந்தாவோ?"

"வந்தா."

அவர் தலையாட்டினார். அடுத்த முட்டுக்குப் போனார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போனேன். கதவு சேற்றில் இறுகியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தேன். தண்ணீர் வற்றிவிட்டது. சுவரில் கோடு தெரிந்தது. கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஓடியது. மெத்தை தண்ணீரில் ஊறி, நடுவில் சேறு தேங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திரும்பி மேட்டுக்கு ஏறினேன். அவள் பெண்களோடு கதைத்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

"வீட்டுக்குள்ள வந்ததோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"மெத்தை நனைஞ்சு போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு உயரம் என்று திரும்பக் கேட்கவில்லை.

"அப்ப அதைக் காயப் போடுங்கோ" என்றாள்.